தூக்கிக் காட்டிய கை

நஷ்டஈட்டு வழக்குக்காகச் சித்தூருக்குப் போய்த் திரும்புவதே கன்னையாவுக்கு ஒரு வேலையாகிவிட்டது. கூலி இல்லாத வேலை. ஒரு தடவை அதிகாரி லீவு, ஒரு தடவை மில் முதலாளியின் வக்கீலுக்குக் காய்ச்சல், இன்னொரு தடவை என்ன காரணம் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. ஒவ்வொரு முறையும் மனைவி செல்லியம்மா களையெடுப்புக் கூலியை விட்டுவிட்டுக் கூடவே வந்தாள். பஸ் கூட்டத்தில் அவன் வலது கையில் யாராவது இடித்துவிட்டால் அவனுக்குக் கண் இருட்டிவிடும்.

பள்ளிப்பட்டுப் பக்கத்து அரிசி மில்லில் மூட்டை தூக்கியவன் அவன். அங்கே அவனைப் பீமன் என்பார்கள். அவனும் இல்லை என்று சொன்னதில்லை. ஒருநாள் நெல் கொட்டும்போது ஓடிக்கொண்டிருந்த பெல்ட் வலது கையை உள்ளே இழுத்துக்கொண்டது. மில் ஆட்கள் அவனை வண்டியில் போட்டு, நேரே புத்தூர்ப் பக்கத்தில் கட்டு கட்டும் கிருஷ்ணப்பாவிடம் கொண்டுபோனார்கள். எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் அந்தச் சீமையில் உண்டா? கிருஷ்ணப்பா மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார், தன் வீட்டிலேயே படுக்கவைத்துச் சோறு போட்டார், காசு வாங்கவில்லை. எலும்பு கூடியது. ஆனால் கை பழைய கையாகவில்லை. சொம்புத் தண்ணீரைத் தூக்கினாலே முழங்கையில் ஊசி ஏறியது. மூட்டையை எங்கே தூக்குவது?

நஷ்டஈடு கேட்கலாம் என்று யூனியன்காரர் ஒருவர் சொன்னார். கேட்டான். டாக்டர் சர்ட்டிபிகேட் எங்கே என்றார்கள். கட்டு கட்டுகிறவர் சர்ட்டிபிகேட்டுக்கு எங்கே போவார்? கடைசியில், கிருஷ்ணப்பாவே நேரில் வந்து கையின் நிலைமையைச் சொன்னால் போதும் என்று அதிகாரி இறங்கிவந்தார். அதுவும் உடனே. ஏப்ரலில் பள்ளிப்பட்டு ஆந்திராவை விட்டு மதராஸ் ராஜ்யத்தோடு சேரப்போகிறது. அந்தப் பக்கத்து வழக்குகளை அதற்குள் தீர்த்துத் தள்ளிவிட வேண்டுமாம். எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்று இழுபறி செய்ய சர்க்கார்களுக்கு வருஷக்கணக்கில் பொழுது இருந்தது. கன்னையாவின் கைக்குத்தான் இல்லை.

விசாரணையன்று கிருஷ்ணப்பா சலவை வேட்டியும் தலைப்பாகையுமாக வந்து நின்றார். அறை நிறைய ஜனம். அவர்களில் பலர் அவரிடம் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள், எழுந்து கும்பிட்டார்கள். முதலாளியின் வக்கீல் விஷயம் தெரிந்தவர், ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"உங்க கட்டு சரியா கூடலையோ, பெரியவரே?"

கிருஷ்ணப்பா நிமிர்ந்தார். "என் கட்டு தப்பினதே இல்லீங்க. எலும்பு நல்லா கூடிப்போச்சு."

அதிகாரி மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தைக் காட்டி, "எத்தி சூபிஞ்சு" என்று கன்னையாவிடம் தெலுங்கில் சொன்னார். தூக்கிக் காட்டச் சொன்னார்.

முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுதான் உண்மை, அதற்காகத்தான் இவ்வளவு அலைச்சல். ஆனால் கிருஷ்ணப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு போட்ட மனுஷனை இத்தனை பேர் முன்னால் பொய்யனாக்குவதா? கன்னையா குடத்தின் கழுத்தை வலது கையால் பிடித்துத் தூக்கினான். தோள்வரை நெருப்பு ஓடியது. அதிகாரி "சாலு", போதும் என்கிற வரையில் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தான்.

கை நன்றாக இருக்கிறது, மனு தள்ளுபடி என்றார்கள். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் செல்லியம்மா அவனைத் தடுத்து நிறுத்தினாள்.

"ஏன்யா தூக்கின?"

"அவரு பாத்துக்கினு இருந்தாரு புள்ள."

"நீ அடுப்பாண்ட குந்திக்கினு கையப் புடிச்சிக்கினு அழுவியே, அத யாரு பாத்தது? நான்தானே பாத்தேன்?"

அவள் கோபப்பட்டு முடிப்பதற்குள் அவளுக்கே அலுத்துப்போனது. இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

அங்கே கிருஷ்ணப்பாவும் நின்றுகொண்டிருந்தார். கன்னையாவின் கையைத் தானாகவே எடுத்து, முழங்கைக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். கன்னையா அலறிவிட்டான்.

"இங்கதானே? நீ குடத்தத் தூக்கறப்பவே பாத்தேன், வெரலு நடுங்கிச்சு" என்றார் தாழ்ந்த குரலில். "வெள்ளிக்கிழம வா, மறுபடியும் கட்டிப் பாக்கலாம். காசு கீசு ஒண்ணும் வேணாம்."

செல்லியம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். கத்துவதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

"பாத்தீங்க இல்ல? அத உள்ளார சொல்லியிருக்கலாமே, வைத்தியரே."

கிருஷ்ணப்பா கையை விட்டுவிட்டார். புத்தூர் பஸ் வந்து நின்றது. மூன்று பேரும் அதில்தான் போயாக வேண்டும்.