மூணு சறுக்கு, ஒரு பாடம்

உத்தமபாளையத்தில் கல்யாண ஆல்பம் போட்டுக்கொண்டிருந்த ஜெய்லானி, மாப்பிள்ளைகளின் தொந்தியைக் கம்ப்யூட்டரில் குறைத்துக் குறைத்து அலுத்துப்போய், ஒருநாள் தொந்தியோடு ஒரு கரடியை வரைந்தான். பேர் குண்டுமணி. கார்ட்டூனாக யூடியூபில் போட்டான். அதற்கப்புறம் சின்னமனூரிலிருந்து கூடலூர் வரை, சோறு தின்ன அடம்பிடிக்கும் பிள்ளைகள் குண்டுமணியைக் காட்டினால்தான் வாயைத் திறந்தார்கள்.

ஒவ்வொரு கதைக்கும் ஜெய்லானி வைத்திருந்த சட்டம் ஒன்றுதான்: மூணு சறுக்கு, ஒரு பாடம். கரடி ஒரே தப்பை மூன்று தடவை செய்யும். தடவைக்குத் தடவை சிரிப்பு ஏறும். அப்புறம் முயல் டீச்சர் வந்து சரியானதைச் சொல்லும். முயலுக்குக் குரல் கொடுத்தது அவன் பெண்டாட்டி ரஃபியா. வீட்டிலும் டீச்சர் அவள்தான் என்பது தெருவுக்கே தெரியும்.

அந்தத் தடவை தோட்டத்து விஷயத்தை எடுத்தான். திராட்சைக்கு அடித்த பூச்சிமருந்தில் மிச்சம் விழுந்தால், காலிக் கலர் சோடா பாட்டிலில் ஊற்றிப் பந்தல் கல்தூணில் கட்டிவிடுவது இந்தப் பக்கத்துப் பழக்கம். குண்டுமணி அதைக் கலர் என்று நினைத்துக் குடிக்கும். முதலில் பச்சை ஏப்பம். அடுத்தது நீல ஏப்பம். மூன்றாவதில் பலூன் மாதிரி ஊதிப் பறக்கும்.

ரஃபியா மைக்கை ஒதுக்கினாள்.

"இது வேணாம் மச்சான். என் பாடம் வாரதுக்குள்ள புள்ளைக அடுத்த வீடியோவுக்குப் போயிருதுக. நம்ம மக ஷர்மினே முயலைக் கண்டா தள்ளி விட்டுர்றா."

"பாடத்தை மொதல்ல வச்சா எவன் பாப்பான்? அது பள்ளிக்கூடம்."

"அப்ப ஒருவாட்டி குடிக்கிறதோட நிறுத்துங்க."

"ரெண்டுல நிறுத்துனாலே வந்த தும்மல் நின்ன மாதிரி இருக்கும். மூணுலதான் சிரிப்பு."

அவன் முகத்தைப் பார்க்காமலே முயலைப் பேசி முடித்தாள் ரஃபியா.

வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. யாரோ ஒரு புண்ணியவான் முயலை வெட்டி எறிந்துவிட்டு, ஏப்பத்தையும் பறப்பதையும் மட்டும் வாட்ஸப்பில் விட்டான். டீக்கடையில் பெரியவர் மொக்கைச்சாமி அவனைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என் பேரன் ரசத்தைக் குடிச்சுப்புட்டு பச்சை ஏப்பம் விடுறான்யா!"

ஜெய்லானியும் சிரித்தான். "கடைசியில முயல் வருமே, பாத்தானா?"

"முயலா? அது எங்கன வருது?"

டீ பாதியிலேயே கசந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தபோது ஷர்மினைக் காணோம். "அண்ணன் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்காக" என்றாள் ரஃபியா. சொன்ன பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மச்சினன் முஜிபுர் ரஹ்மானுக்கு ஃபோன் போட்டான்.

"மருந்தடிச்சு இப்பத்தான் கைகால் கழுவுறேன் மாப்ள. புள்ளைக பந்தலுக்குள்ள இருக்குதுக. சத்தமே இல்ல, தங்கமா வெளையாடுதுக."

"என்ன வெளையாட்டு?"

"என்னமோ கரடி வெளையாட்டாம்."

"மச்சான், அந்தப் பாட்டிலை..."

லைன் அறுந்தது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. பைக்கை எடுத்தான்.

உச்சி வெயிலிலும் பந்தலுக்குள் இருட்டு. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஷர்மின், சட்டைக்குள் துண்டைத் திணித்துத் தொந்தி வைத்திருந்தாள். கையில் பாட்டில். மூடி தரையில் கிடந்தது. பாய்ந்து பிடுங்கினான்.

"குடிச்சியா? வாயைக் காட்டு!"

பிள்ளை கோபத்தில் அழுதது. "போங்க அத்தா! ரெண்டு வாட்டி சும்மா குடிச்சேன், யாருமே சிரிக்கல. மூணாவதை நெசமாக் குடிக்கப் போனேன். மூணாவதுலதான பறக்கும்?"

அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். உள்ளே ஒன்றும் இறங்கவில்லை என்றார் டாக்டர். ஜெய்லானி அங்கேயே உட்கார்ந்து வீடியோவை அழித்தான்.

அழித்து நிமிர்ந்தால் எதிர் பெஞ்சில் ஒரு தாய் பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஃபோனிலிருந்து பச்சை ஏப்பம் கேட்டது. அடுத்தது நீலம். குண்டுமணி பறந்தது. பிள்ளை கெக்கலித்தது. ஜெய்லானி முயலுக்காகக் காத்திருந்தான்.

மறுபடி பச்சை ஏப்பம்தான் கேட்டது.