உறங்கிப்போன சுரப்பி

ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கையில், ஒருநாள் காலை என்னால் கட்டிலைவிட்டு எழும்ப முடியவில்லை. தோள்கள் இரண்டும் இடுப்பும் இறுகிக் கிடந்தன. வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்தார். வெயில் ஏறியபின் கொஞ்சம் இளகியது. மறுநாள் காலை மறுபடி அதே கதை.

குண்டசாலையிலிருந்து நான் படிப்பிக்கும் பாடசாலைக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும். மேல்கம்பியைப் பிடிக்கக் கை உயரவில்லை. வகுப்பில் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினேன். தலைமுடியைக்கூட அவர்தான் வாரிவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், காலமெல்லாம் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். சீப்புப் பிடித்துப் பழக்கமில்லாத கை. "நோகுதே? நோகுதே?" என்று கேட்டுக்கேட்டு வாருவார். எண்ணெய் பூசிப் பார்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம். ஒன்றுக்கும் கேட்கவில்லை. கடைசியில் இரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டு கண்டியில் கிளினிக்குக்குப் போனோம்.

டாக்டர் சிங்களப் பெண். தமிழை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார். என் கையைத் தூக்கச் சொன்னார், கதிரையிலிருந்து பிடிக்காமல் எழும்பச் சொன்னார், தலைவலி உண்டா, கண் மங்குகிறதா என்று கேட்டார். பிறகு, இது வயது போகையில் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் ஒரு வாதம் என்று சொல்லி ஸ்டீரோய்ட் குளிசை எழுதினார்.

"காலைல சாப்பிட்டுட்டுப் போடுங்க. கொஞ்ச நாள்ல நீங்களே வந்து எனக்குக் கதை சொல்லுவீங்க."

கொஞ்ச நாள்கூட ஆகவில்லை. இரண்டாவது நாள் காலை கண் விழித்து, ஒன்றும் நினைக்காமல் எழுந்து, அலுமாரியின் மேல்தட்டிலிருந்து துவாயை எடுத்தேன். துவாய் கைக்கு வந்தபிறகுதான் என்ன செய்தேன் என்பதே எனக்கு உறைத்தது. அப்படியே நின்றேன். தேத்தண்ணீரோடு வந்தவரும் வாசலில் நின்றுவிட்டார்.

"இன்னொருக்காத் தூக்கும், பாப்பம்."

தூக்கினேன். இரண்டு கையையும் தூக்கினேன். "மாதாவே!" என்று வாய்விட்டுச் சொன்னேன். விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுள்ள ஒரு வெள்ளைக் குளிசை, வாயில் வைத்தால் கசக்கும் அவ்வளவுதான், அது போய் என் தோள் எங்கே இருக்கிறது என்று எப்படித் தேடிக் கண்டுபிடித்தது? அன்று பாடசாலையில் கரும்பலகையின் உச்சியிலிருந்து எழுதத் தொடங்கினேன். ஏன் சிரிக்கிறேன் என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

அடுத்த கிளினிக்கில் இதைச் சொன்னபோது டாக்டர் சந்தோஷப்பட்டார். ஆனால் உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"இப்பதான் கவனமா இருக்கணும். சுகமாயிட்டுதுன்னு நீங்களா நிப்பாட்டக் கூடாது. ஒரு நாளும் கூடாது."

"ஏன் டாக்டர்?"

தன் இரண்டு கைகளையும் விலாவுக்குப் பின்னால் வைத்துக் காட்டினார். "இங்க சிறுநீரகம். அதுக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி, ரெண்டு பக்கமும். இந்தக் குளிசை குடுக்கிற சாமானை உங்க உடம்புக்கு அதுதான் செஞ்சு குடுத்தது, நீங்க பொறந்த நாள்ல இருந்து. இப்ப வெளியில இருந்து வருது. அதனால அது தூங்கப் போயிரும். திடீர்னு குளிசைய விட்டா உடம்புக்கு ரெண்டுமே இல்ல. கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுத்தான் அதை எழுப்பணும்."

வீட்டுக்காரர் முன்னால் சாய்ந்தார். "இவ சத்தி எடுத்தா என்ன செய்யிறது?"

"ஒருக்கா வாந்தி எடுத்தா குளிசையத் திருப்பிப் போடலாம். அதுவும் தங்கலன்னா வீட்டுல இருக்க வேணாம். உடனே ஆஸ்பத்திரி. இவங்க ஸ்டீரோய்ட் எடுக்கிறவங்க, ஊசி வேணும்னு நீங்க வாயால சொல்லணும். காய்ச்சல் வந்தாலும் என்னைக் கேக்கணும்."

பஸ்ஸில் வரும்போது என் விலாவைத் தொட்டுத்தொட்டுப் பார்த்தேன். இத்தனை வயதுவரை எனக்காக வேலை செய்த ஒன்று அங்கே இருந்திருக்கிறது. அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது. இப்போது அது உறங்குகிறது.

குளிசை அந்தச் சுகத்தைச் சும்மா கொடுக்கவில்லை. எந்நேரமும் பசி. முகம் வட்டமாகியது. இரத்தத்தில் சீனியும் பிரஷரும் ஏறாமலிருக்க அடிக்கடி பார்த்தோம். எலும்புக்கென்று வேறு குளிசை. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டபோது டாக்டரைக் கேட்டுத்தான் பாடசாலைக்குப் போனேன். மாதங்கள் போகப்போக அளவு சிறிது சிறிதாகக் குறைந்தது.

அப்படிக் குறைந்து வந்த நாட்களில், கடுகண்ணாவையில் தங்கை வீட்டில் அவள் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். முதல்நாளே போய்த் தங்கினோம். தங்கை என் முகத்தைப் பார்த்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா இப்படி ஊதிப் போயிட்டீங்க? நல்லாத்தானே இருக்கீங்க, அந்த மாத்திரைய விட்ருங்க."

"விட முடியாதுடி," என்றேன். அவளுக்கு அது பிடிவாதமாகத்தான் பட்டிருக்கும்.

ஞானஸ்நானத்துக்கு மறுநாள் காலை எனக்கு வயிற்றோட்டம். குளிசை போட்ட சற்று நேரத்தில் வாந்தி. திருப்பிப் போட்டேன், அதுவும் வெளியே வந்தது. தங்கை கொத்தமல்லி அவித்துக்கொண்டு வந்தாள். "நேத்து சாப்பாடு ஒத்துக்கல. கொஞ்சம் படுங்க, சரியாப் போயிரும்."

படுத்தேன். கால்கள் என்னுடையவை போலில்லை. கூரை மெல்லச் சாய்ந்தது. தங்கை பேசுவது கேட்டது. ஆனால் பாதையின் அந்தப் பக்கத்திலிருந்து பேசுவதுபோல் கேட்டது.

"இது சாப்பாட்டுப் பிழை இல்லை," என்றது வீட்டுக்காரர் குரல். "இஞ்சை படுக்க வேண்டாம். எழும்பும், வெளிக்கிடுவம்."

"அத்தான், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பமே..." என்றாள் தங்கை.

"பொறுக்கேலாது பிள்ளை. ஓட்டோவைக் கூப்பிடுங்கோ."

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் நாடி பிடித்தார். வீட்டுக்காரருக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் அன்று அந்த வாக்கியத்தைத் தடுமாறாமல் சொன்னார்: மாதக்கணக்காக ஸ்டீரோய்ட் எடுக்கிறார், இன்று ஒன்றும் தங்கவில்லை, ஊசி வேணும். டாக்டர் பிரஷர் பார்த்தார். பார்த்ததும் தாதியைக் குரல்கொடுத்து அழைத்தார். என் ஒரு கையில் ஊசி போட்டார்கள், மறு கையில் சேலைன்.

அதன்பிறகு நடந்ததை இன்றும் நான் முழுதாக நம்பவில்லை. முதலில் சத்தங்கள் கிட்ட வந்தன. பிறகு கூரை நேரானது. என் பாதத்தில் போர்வை படுவதை உணர்ந்தேன். சேலைன் முடிவதற்குள் எனக்குத் தேத்தண்ணீர் வேண்டும் போலிருந்தது. கட்டிலருகே நின்ற தங்கை அழுதுகொண்டே சிரித்தாள்.

"இப்பதான் போய்க்கிட்டிருந்தீங்க அக்கா. இப்ப தேத்தண்ணி கேக்குறீங்க."

அவள் சொன்னது சரி. நான் எங்கோ போய்க்கொண்டுதான் இருந்தேன். உடம்பு அன்றாடம் சத்தமில்லாமல் செய்யும் ஒரு பொருளின் துளி, அது இல்லாவிட்டால் சாவு அவ்வளவு கிட்டத்தில்தான்.

அதற்குப் பிறகு இன்னும் மெதுவாகக் குறைத்தார்கள். ஓய்வுபெற்ற பின், ஒருநாள் காலை குளிசை போடாமல் வந்து இரத்தம் கொடுக்கச் சொன்னார் டாக்டர். முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எழும்பிட்டுது."

"ரெண்டுமா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்," என்று சிரித்தார். இருந்தாலும் ஒப்பரேஷன், கடும் காய்ச்சல் போலப் பெரிய வருத்தம் ஏதும் வந்தால் ஸ்டீரோய்ட் எடுத்ததைச் சொல்ல மறக்க வேண்டாம் என்றார்.

குளிசை இல்லாத முதல் காலை எனக்குப் பயமாகத்தான் இருந்தது. சோறு வடித்தேன், உடுப்புத் துவைத்தேன். அவர் பேப்பருக்கு மேலால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பகல் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. எனக்குள்ளே அந்த இரண்டும் யாரும் ஏவாமல் வேலையைத் தொடங்கியிருந்தன.

அவர் பேப்பரை மடித்தார். "நான் ஒருக்காக் கடைக்குப் போட்டு வாறன்," என்று சொல்லி, வெகுநாளைக்குப் பிறகு என்னை வீட்டில் தனியே விட்டுப் போனார்.