மஞ்சள் சுண்ணாம்பு பூசிய கை

எழுபதுகளின் கடைசியில் கிள்ளானில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குக் காசநோய் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அவர் மடியிலேயே கிடந்து வளர்ந்த மூன்று வயது மகளுக்கும் ஒட்டியிருக்குமோ என்று அவளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன்.

கிளினிக் நர்ஸை மிஸ்ஸி என்போம். இந்த நாட்டிலேயே பிரிக்பீல்ட்ஸில் பிறந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண் அவர்; பிள்ளையின் முன்கையில் தோலுக்கடியில் சின்னதாக ஊசி போட்டார். அந்தக் கிருமியிலிருந்து எடுத்த புரதமாம்; உயிர் இல்லாததாம்.

"மூண்டு நாள் கழிச்சு வாங்கோ அக்கா. அந்த இடத்தில ஒண்டும் பூசாதேங்கோ."

"இப்பவே பாத்துச் சொல்லுங்களேன் லா!"

"உடனே தெரியாது. தோலுக்குள்ள இருக்கிற காவல் செல் அந்தப் புரதத்தை விழுங்கி, வெட்டி, ஒரு துண்டைத் தன்ர மேல தூக்கிப் பிடிச்சுக் காட்டும். டி செல் எண்டு ரத்தத்தில ஓடுற இன்னொரு காவல் செல் வந்து பாக்கும். முந்தியே இந்தக் கிருமி பழக்கம் எண்டா, துண்டை அடையாளம் கண்டு ஆக்களைக் கூப்பிடும். எல்லாரும் வந்து சேர ரெண்டு மூண்டு நாள் செல்லும். அப்பதான் தடிக்கும்."

எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது! பாசார் மீன்கடையில் தெங்கிரியை, அதுதான் வஞ்சிர மீனை, முழுதாகவா காட்டுகிறார்கள்? ஒரு துண்டு போதும், நான் பெயர் சொல்லிவிடுவேன். விட்டால் குழம்பு வைக்கிற கதைக்கே போய்விடுவேன்.

இரண்டாம் நாள் கை தடித்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, ஊசி கட்டிக்கிச்சு! சீழ் வச்சிரும், நீ என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற?"

சீழ் என்றதும் மிஸ்ஸி சொன்னதெல்லாம் பறந்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டேன். மறுநாள் கழுவினால் முன்கை முழுக்கக் குங்குமச் சிவப்பு. எது வீக்கத்தின் சிவப்பு, எது என் பற்றின் சிவப்பு? நானே சோதனையைக் கெடுத்துவிட்டேன் என்று பஸ்ஸில் உட்காரக்கூட முடியவில்லை, நின்றுகொண்டே போனேன்.

"இதென்னக்கா கோலம், பிள்ளைக்குக் கலியாணமோ?" என்றார் மிஸ்ஸி.

"பயத்துல பத்து போட்டுட்டேன் மிஸ்ஸி. இனி பாக்க முடியாதா?"

"சிவப்பை ஆர் பாத்தது? தடிப்பைத்தான் அளக்கிறது."

விரலால் மெல்லத் தடவி, தடிப்பு முடிகிற இடங்களில் பேனாவால் கோடு போட்டு, ரூலரை வைத்தார். நான் ரூலரின் எண்ணையே எட்டி எட்டிப் பார்த்தேன்.

"பெரிசாத்தான் இருக்கு. இவவின்ர டி செல்லுக்கு இந்தக் கிருமியைத் தெரிஞ்சிருக்கு."

"அப்போ என் புள்ளைக்கும் காசமா?"

"கிருமி உள்ள போயிருக்கு எண்டு நினைக்கிறம். நோயாக்கிப்போட்டுதோ எண்டு எக்ஸ்ரேதான் சொல்லும்."

எக்ஸ்ரே படத்தை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். நெஞ்சு சுத்தம் என்றார். கிருமி தலைதூக்காமல் இருக்கப் பல மாதம் மாத்திரை.

மறுநாள் காலை மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். என் முகத்திலேயே துப்பினாள். சிரித்துக்கொண்டே இன்னொன்றைப் பொடித்தேன்.