மஞ்சள் காரின் இருமல்

நாரின் என்ற மலையூர்ப் பக்கம் யாருடைய கார் முனகினாலும் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் ஜுமாகதிர். தன் மஞ்சள் கார் முனகினால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

சம்பந்தி வீட்டு விருந்துக்குக் கிளம்பிய காலையில், காரில் ஏறும்போதே மனைவி புருல்சா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"வழியில ஒரு தடவை நின்னாலும், இதை என் தம்பி பழைய இரும்புக்கு எடுத்துக்குவான். சரியா?"

"நிக்காது."

"சரியான்னு கேட்டேன்."

"சரி."

கணவாய் ஏறும்போது முன்பக்கத்திலிருந்து 'டப், டப்' என்று சத்தம் கேட்டது. "ரோடு சரியில்ல," என்றார். அடுத்த வளைவில் கார் இருமியது, மூச்சுத் திணறியது, நின்றேவிட்டது.

நின்ற வண்டியைப் பார்த்தும் நிற்காமல் போகிறவனை அந்த மலையில் மனிதனாகவே சேர்ப்பதில்லை. ஆட்டு லாரிக்காரர் பானெட்டுக்குள் தலையை விட்டு, பெட்ரோல் பம்ப் பழுது என்றார். போன வாரம் அவருக்குப் போனது அதுதான். டாக்சிக்காரர் இக்னிஷன் காயில் என்றார். அவர் காயில் மாற்றி வாரம்கூட ஆகவில்லை. தனக்கு வந்த காய்ச்சல்தான் ஊருக்கே வந்திருக்கிறது என்பது ஓட்டுநர்களின் மருத்துவம்.

"அண்ணே, பேசாம இங்கயே பொதைச்சுருங்க. குழி நான் வெட்டுறேன்," என்றார் லாரிக்காரர்.

"உசிரோட இருக்கிறதை யாராவது பொதைப்பாங்களா? வாயைப் பாரு," என்று காருக்குள்ளிருந்து சீறினாள் புருல்சா.

ஜுமாகதிர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, யாரும் துழாவாத ஒரு இடுக்கில் கையை விட்டார். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. எஞ்சின் காற்றிழுக்கும் வாயை அடைத்துக்கொண்டு ஒரு கம்பளித் துண்டு. அதைச் சுருட்டிக் கட்டும் தோல்வார் எஞ்சின் விசிறியில் அடிபட்டு நைந்திருந்தது. உறைபனி இரவுகளில் எஞ்சினுக்குப் போர்த்துவது அங்கே வழக்கம். காலையில் எடுக்க மறப்பது அதைவிடப் பெரிய வழக்கம்.

ஆனால் நேற்று அவர் போர்த்தவில்லை. கம்பளியின் ஓரத்தில் சிவப்பு நூல் தையல். அடுப்படியில் புருல்சா உட்காரும் கம்பளி.

அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பளியைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு, "காயில்தான்," என்றார். டாக்சிக்காரர் லாரிக்காரரை வென்ற பார்வை பார்த்தார். கார் கிளம்பியது.

கணவாய் இறங்கியதும் மெல்லக் கேட்டார்: "தம்பிகிட்ட எப்பச் சொல்றது?"

"எதை?"

"வண்டி நின்னதை."

"எங்க நின்னுச்சு? நீங்கதானே அந்த ஆளுங்களோட அரட்டை அடிக்க நிறுத்தினீங்க."

அவர் கோட்டுக்கு வெளியே தொங்கிய தோல்வாரை அவள் உள்ளே தள்ளிவிட்டாள்.

"இன்னிக்கு ராத்திரியும் குளிரும்," என்றாள் புருல்சா. "அந்த வாரை மட்டும் வெட்டிக் குடுங்க."