ஷாஃப்டுக்கு யார் பொட்டு வைப்பது?

இன்று காலை என் ஜீப்புக்கு, முன் சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்டைப் புதிதாக மாட்ட மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். ஜீப் என் பெயரில்தான் இருக்கிறது. தாமல் ஏரிக்கரை நிலத்துக்குச் சேற்றில் ஓட்டிப் போவதும் நான்தான்.

புது ஷாஃப்டை இரண்டு பாகமாகப் பிரித்து வைத்ததும் சந்தனம், குங்குமம் கேட்டார். கொண்டுவந்து பொட்டு வைக்கக் குனிந்தேன்.

"நீங்க வேணாம்மா. சுமங்கலி யாரும் இல்லியா?"

என் கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. மெக்கானிக் எதிர்வீட்டு மருமகளைக் கூப்பிட்டார். அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஷாஃப்டின் இரண்டு பாகங்களிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள்.

"ஏம்பா, ரெண்டு பாகத்துலயும் அம்புக்குறி இருக்கு. நேருக்கு நேர் வரணும், இல்லேன்னா வண்டி உதறும். சந்தனத்துல மறைஞ்சிருக்கு, துடைச்சுட்டு மாட்டு" என்றேன்.

"பொட்ட அழிக்கச் சொல்றீங்களேமா! இருவது வருசமா இதே வேலதான் பாத்துக்கினு இருக்கேன்."

குத்துமதிப்பாக மாட்டிவிட்டு ஐயம்பேட்டை வரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். பாதியிலேயே திரும்பி வந்தார்.

"இன்னாமா, இந்த உதறு உதறுது?"

கழற்றச் சொல்லி ஈரத்துணியால் நானே துடைத்தேன். அம்புக்குறிகள் ஆளுக்கொரு திசையில் நின்றன. நேராக்கி மாட்டியதும் வண்டியின் உதறல் நின்றது.

"கண்ணு பட்டுருக்கும்மா, அதான்" என்றார், என்னையே பார்த்துக்கொண்டு.

என் வண்டிக்குப் பொட்டு வைக்க என் கை ஆகாது. அவர் தப்பாக மாட்டியதற்கு மட்டும் என் கண் காரணமாம். உங்கள் ஊர் மெக்கானிக்குகளும் இப்படித்தானா, எழுதுங்கள்.