ஆஸ்பத்திரிச் சுவரோரக் கோடு

நகராட்சி ஆபீஸில் அந்த அறையில் அதிகாரி இருந்தார். வாடகை சைக்கிள் கம்பெனியின் ஆள் இருந்தார். எங்கள் மேஸ்திரி கதவோரம் நின்றார். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற அம்மா இருந்தார். கடைசியாக நான்.

திண்டிவனத்துக்கு அந்த சைக்கிள்கள் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. போனைக் காட்டினால் பூட்டு திறக்கும். போகிற இடத்தில் இறங்கி, பூட்டிவிட்டுப் போய்விடலாம். வைக்க இடம் என்று ஒன்று கிடையாது. அதனால் எங்கும் கிடந்தன. கடை வாசலில், கால்வாயில், பஸ் நிற்கிற இடத்தில். கண் தெரியாத ஒருவர் தடுக்கி விழுந்து பல் உடைந்தது. அதற்கப்புறம்தான் விதி வந்தது. கோடு போட்ட இடத்துக்குள் வைக்க வேண்டும். வெளியே நின்றால் நகராட்சி ஆட்கள் நாங்கள் வண்டியில் தூக்கிவிடுவோம். கடைசியாக ஓட்டியவர் பேரில் ஒரு தப்பு ஏறும். மூன்று தப்பு ஆனால் அந்த போன் நம்பருக்கு ஒரு வருஷம் சைக்கிள் திறக்காது.

விதி தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

கோடு போடுவதும் என் வேலை. தூக்குவதும் என் வேலை. மஞ்சள் பெயின்ட் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. பிளீச்சிங் பவுடரில் போட்டோம். மழை பெய்தால் போய்விடும். மறுபடி போட வேண்டும்.

அந்த அம்மா கூட்டேரிப்பட்டிலிருந்து வருவார். ஆறு பத்துக்கு பஸ் விட்டு இறங்குவார். ஆறரைக்குள் ஆஸ்பத்திரியில் விரல் வைக்க வேண்டும். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நடந்தால் அரை மணிக்கு மேல் ஆகும். சைக்கிளில் பத்து நிமிஷம்.

ஆஸ்பத்திரிச் சுவரோரம், வேப்பமரத்திலிருந்து மின்கம்பம் வரை கோடு. அந்த அம்மா கம்பத்தோரம்தான் வைப்பார். பக்கத்தில் சாய்ந்து கிடக்கிற சைக்கிளையும் நிமிர்த்தி, உள்ளே தள்ளிவிட்டுத்தான் போவார்.

"இன்னாண்ணா கோடு இது, பாம்பு போன மாதிரி கீது. நேத்து ஊத்திக்கினது இன்னும் எறங்கலயா?" என்பார்.

நான் குடிக்கிறவன் இல்லை. அது அவருக்கும் தெரியும். சிரிப்பேன்.

அன்று பகலில் மழை. மூன்று மணிக்கு விட்டது. கோடு கரைந்து போயிருந்தது. வண்டியில் எட்டு சைக்கிள் ஏற்றியிருந்தேன். பன்னிரண்டு ரொம்பினால் விழுப்புரம் ஷெட்டில் கொண்டுபோய் இறக்கலாம். இறக்கிவிட்டால் அப்படியே காணைக்கு, என் வீட்டுக்குப் போய்விடலாம். ரொம்பாவிட்டால் ஆறு மணி வரை ஊரைச் சுற்ற வேண்டும்.

மரத்தில் தொடங்கிக் கோடு போட்டேன். கம்பத்துக்கு முன்னாலேயே மடக்கிவிட்டேன். மூட்டையில் பவுடர் மீதி இருந்தது. கம்பத்தோரம் நின்ற நான்கு சைக்கிள் வெளியே ஆகிவிட்டன. போட்டோ எடுத்தேன். ஏற்றினேன். வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை. சீக்கிரம் போய்ப் படுக்கலாம் என்றுதான்.

அந்த நான்கில் ஒன்று, காலையில் அந்த அம்மா வைத்துவிட்டுப் போனது. அது அவருக்கு மூன்றாவது தப்பு. அதைக் கேட்கத்தான் அந்த அறைக்கு வந்திருந்தார்.

"முன்ன ரெண்டு வாட்டி தப்பா வச்சது நெசம் சார். வந்த புதுசு, தெரியல. இந்த வாட்டி உள்ளதான் வச்சேன்."

கம்பெனி ஆள் போனை நீட்டினார். நான் எடுத்த போட்டோ.

"பாருங்கம்மா. கோடு எங்க முடியுது, சைக்கிள் எங்க நிக்குது?"

அந்த அம்மா போனை வாங்கிப் பார்த்தார். "கோடு கம்பம் வரைக்கும் போவும் சார். தெனம் பாக்கறேன். சைக்கிளுக்கு காலு மொளச்சி நவுந்துக்கினு போச்சா?"

மேஸ்திரி சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"கோடு போட்டது நீதானே?"

"ஆமாங்க."

"எப்பவும் போடற அளவுதான் போட்டியா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "சொல்லுங்கண்ணா. உங்களுக்குத் தெரியாததா."

"அதே அளவுதாங்க," என்றேன்.

அந்த அம்மா போட்டோவை இன்னொரு தடவை பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப நான்தான் கவனிக்கல போல."

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா," என்று அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

படியில் இறங்கும்போது அந்த அம்மா என் பக்கத்தில் வந்தார்.

"நீங்க ஏண்ணா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வர்றீங்க? உங்க வேலைய நீங்க செஞ்சீங்க. முன்ன வர்ற பஸ்ஸப் புடிச்சா சமாளிச்சிக்கலாம்."

முன்னே வருகிற பஸ் எதுவும் இல்லை. எனக்கும் தெரியும். அவர் வீட்டில் இருந்ததும் அந்த ஒரு போன்தான்.

அதற்கப்புறம் காலையில் பார்ப்பேன். ரோட்டோரம் ஓட்டமும் நடையுமாக வருவார். சில நாள் கேட்டுக்குள் போன உடனே திரும்பி வெளியே வருவார். நான் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வேன். இரண்டு மாசம் அப்படிப் பார்த்தேன். பிறகு வரவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று ஆபீஸ் வாசல் வரை இரண்டு தடவை போனேன். சொன்னால் வேலை போய்விடும். திரும்பி வந்துவிட்டேன்.

பெயின்ட் வந்தது. வேறு ஆட்கள் வந்து, டேப் பிடித்து அளந்து, மரத்திலிருந்து கம்பம் வரை மஞ்சள் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும், அன்று நான் கோட்டை மடக்கிய இடத்தைத் தேடினேன். சுவரில் காரை பெயர்ந்த ஓர் இடம் இருக்கிறது. அதற்கு நேரே. அங்கிருந்து கம்பம் வரை அடி வைத்து அளந்தேன்.

ஏழு அடி.