வெட்டிய இடங்களில் பூ

கணிதப் புத்தகங்கள் அச்சிடும் அலுவலகத்தில் அவளுக்கு ‘மில்லிமீட்டர்’ என்று பட்டப்பெயர். லேடெக் என்ற மென்பொருளில் பக்கம் அமைப்பதுதான் வேலை. ஒரு சமன்பாடு இம்மி நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் விழுந்த அம்மாவை ஆறு வருடம் பார்த்தாள். பிற்பாடு அப்பாவை ஒன்பது வருடம். வேறு ஊரில் இருந்த அண்ணன் மாதம் ஒருமுறை போனில் விசாரிப்பான்.

அப்பா தன் வாழ்க்கையை நான்கு நோட்டுகளில் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். புத்தகமாகப் போடலாம் என்றது அண்ணன்தான்.

“நீ லேடெக்லதானே வேலை பாக்குற? நீயே பண்ணிடேன்.”

வேலை முடிந்து வந்து, அப்பாவின் மேசையிலேயே உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். மூன்றாவது நோட்டில் கை நின்றுவிட்டது. அவளுடைய இருபத்தாறு வயதில், கூட வேலை பார்த்த ஒருவன் வீட்டுக்கு வந்து பெண் கேட்டிருக்கிறான். ‘அவளுக்கு விருப்பமில்லை என்று பொய் சொல்லி அனுப்பினேன். அவள் போய்விட்டால் அவள் அம்மாவை யார் பார்ப்பது? இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை’ என்று அப்பா எழுதியிருந்தார்.

சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனவன் அவன். தன்னிடம் என்ன குறையைக் கண்டான் என்று எத்தனையோ வருடம் அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தை விடாமல் அடித்து அண்ணனுக்கு அனுப்பினாள். மறுநாளே கூப்பிட்டான்.

“இதெல்லாம் எதுக்கும்மா? அப்பா பேரு கெட்டுடும். உன்னையும்தான் எல்லாரும் பாவமா பாப்பாங்க. எடுத்துடு.”

“உனக்கு இது முன்னாடியே தெரியுமா அண்ணா?”

“அப்பவே தெரியும். அம்மா இருந்த நிலைமையில வேற என்ன செய்யறது?”

அவள் போனை வைத்துவிட்டாள். செத்தவரோடு சண்டை போட முடியாது. இவனோடு போட்டு எதுவும் திரும்பி வரப்போவதில்லை. அந்தப் பொய்யைப் பற்றி அப்பா மொத்தம் ஏழு இடங்களில் வருத்தத்தோடு எழுதியிருந்தார். ஏழையும் வெட்டினாள். வெட்டிய இடத்திலெல்லாம் வரிகளுக்கு நடுவே சிறிய பூச்சின்னம் ஒன்றை வைத்தாள்.

அண்ணனுக்கு அதுவும் போதவில்லை. “பூ ஒரு பக்கத்துல வரியோட ஒட்டிக்கிட்டிருக்கு, இன்னொண்ணுல தள்ளி நிக்குது. ஏதோ வெட்டின மாதிரியே தெரியுது.”

உண்மைதான். எல்லாப் பக்கங்களும் அடியில் ஒரே மட்டத்தில் முடிவதற்காக லேடெக் இடைவெளிகளை இழுத்தும் குறுக்கியும் வைத்திருந்தது. பக்கத்தின் அடி எங்கே முடிந்தாலும் முடியட்டும் என்று விட்டுவிட்டு, புதிதாக ஒரு கட்டளை எழுதினாள். பூ நட்டநடுவில் நிற்கும். மேலும் கீழும் ஒரு வரி அளவு இடைவெளி. அந்த இடைவெளி இழுபடாது, பக்கத்தின் உச்சியில் வந்தாலும் காணாமல் போகாது. அடியில் பூ மட்டும் தனியாக மாட்டிக்கொண்டால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். அச்செடுத்து அளவுகோல் வைத்துப் பார்த்தாள். ஏழும் ஒரே அளவு. இனி யாருக்கும் சந்தேகம் வராது.

வெளியீட்டுக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். அப்பாவின் பழைய நண்பர் மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மனுஷன் எதையுமே மறைக்காம எழுதியிருக்காரு!” அண்ணன் கைகூப்பினான். கடைசி வரிசையில் அவளும் கைதட்டினாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ‘தட்டச்சு உதவி: தங்கை’ என்று இருந்தது. அண்ணன் எழுதிக்கொடுத்த வரி.

அதன்பிறகு அவன் கூப்பிட்டபோதெல்லாம் அவள் எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்துச் செய்தி அனுப்பினான்: “உன்னைப் பத்தி சின்னதா போட்டதுக்குக் கோவமா? அடுத்த பதிப்புல பெரிசா போட்டுடலாம்.”

‘சரி’ என்று மட்டும் பதில் போட்டாள்.